கொல்லை வாசலில் ஒட்டாத சம்மன்

ஒரு நீதிமன்றம் தான் போட்ட உத்தரவைத் தானே ரத்து செய்தால், அன்று சாயங்காலத்துக்குள் யாராவது ஒரு ஆள் சிறைக்குப் போயாக வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அல்ல. திருச்சி நீதிமன்றத்தில் பத்தொன்பது வருஷம் குப்பை கொட்டிய பிறகு. என் கணக்கு இப்படி: நீதிபதி தப்புச் செய்ய மாட்டார். வக்கீல் செய்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார். வழக்குப் போட்டவருக்குத் தப்புச் செய்யவே நேரம் இருக்காது. மிச்சம் இருப்பது சம்மன் கொண்டுபோன ஆள். அதாவது நான்.

போன மாதம் பென்ஷன் காகிதம் ஒன்றுக்காகக் கோர்ட்டுப் பக்கம் போயிருந்தபோது, எங்கள் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள் டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். சம்மன் இனிமேல் போனிலேயே போகிறதாம். இரண்டு நீலக்கோடு விழுந்தால் ஆள் பார்த்துவிட்டார் என்று அர்த்தமாம். "அண்ணே, ஒங்க காலத்துல கதவுல ஒட்டிட்டு வருவீங்களாமே, அதுல எப்பவாச்சும் மாட்டியிருக்கீங்களா?" என்றான் ஒருத்தன். 'ஒங்க காலத்துல' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு ஐம்பத்தாறுதான் ஆகிறது. முழங்கால் தகராறு செய்ததால் இரண்டு வருஷம் முன்னால் விருப்ப ஓய்வு வாங்கினேன், அவ்வளவுதான். இருந்தாலும் டீக்கு அவன்தான் காசு கொடுத்தான் என்பதால் சொன்னேன். அங்கே பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

என் பதவிக்கு அரசாணையில் நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் எல்லோருக்கும் நான் அமீனா. சம்மனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், தீர்ப்புப்படி ஒரு வீட்டையோ நிலத்தையோ ஜெயித்தவர் கையில் ஒப்படைப்பதும் வேலை. துறையூர்ப் பக்கம் கத்தரிக்காய் விளைவிக்கிற குடும்பத்திலிருந்து வந்தவன் நான். எனக்குக் கொடுத்த பயிற்சி மொத்தம் மூன்று நாள். முதல் நாள் தெருக்கள், இரண்டாம் நாள் பசை, மூன்றாம் நாள் நாய்.

மீதியை நாசர் கற்றுக்கொடுத்தார். நாசர் என்பது ஆளின் பெயரல்ல. எல்லா நீதிமன்றங்களின் சம்மன்களும் வந்து சேரும் பிரிவுக்குத் தலைவர். எங்கள் நாசர் பெரியசாமி சார். மெல்லிய ஆள், குரல் அதைவிட மெல்லியது. அவருக்குக் கோபம் வந்திருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். சந்தோஷமாக இருந்தால் "என்னடா" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "உட்காருங்க" என்று அவர் சொன்னால் நின்றுகொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டால் அன்றைக்கு மெமோ நிச்சயம்.

சம்மன் கொடுத்துவிட்டு வந்ததும், நடந்ததைச் சத்தியம் செய்து ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதற்கு ரிட்டர்ன் என்று பெயர். ஆள் கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தால் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆள் இல்லை, பலமுறை போயும் கிடைக்கவில்லை என்றால்தான் சங்கடம். அப்போது அவர் குடியிருக்கும் வீட்டின் வாசற்கதவில், எல்லோர் கண்ணுக்கும் படும்படி சம்மனின் நகலை ஒட்டிவிட்டு வரலாம். சட்டத்தின் கண்ணில் அது அவர் கையில் கொடுத்த மாதிரி. ஆனால் ஒட்டிய கதை பெரியசாமி சாருக்குப் போதாது. ரிட்டர்னின் ஒவ்வொரு வரியிலும் ஆள்காட்டி விரலை வைத்து நகர்த்துவார்.

"கதவு என்ன நிறம்?"

"பச்சை சார்."

"ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?"

"ரெட்டை சார்."

"வீட்டை அடையாளம் காட்டினது யாரு?"

இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று எங்களுக்குப் புரிந்ததில்லை. வண்ணம் பூசும் கம்பெனிக்கு ஏஜென்ட் எடுத்திருக்கிறாரோ என்று நான் பேசிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு வட்டியோடு அழுதேன்.

குடும்ப நல நீதிமன்றத்திலிருந்து ஒரு சம்மன் வந்தது. கணவர் சௌந்தரராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர், அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி கோமளவல்லி. இருவரும் பிரிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. வீடு முழுவதும் தனக்கே சொந்தம், மனைவி காலி செய்ய வேண்டும் என்று கணவர் வழக்குப் போட்டிருந்தார். சம்மன் மனைவிக்கு. சித்திரை வீதிகளில் ஒன்றில் கதவு எண். கணவருக்கும் மனைவிக்கும் அதே எண்.

பிரிந்தவர்களுக்கு ஒரே விலாசம் எப்படி என்று ஒரு சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் சௌந்தரராஜன் காப்பி கொடுத்துவிட்டார்.

"வாங்கோ, வெயில்ல வந்திருக்கேள். தீர்த்தம் சாப்பிடறேளா, காப்பியே சாப்பிடறேளா?"

காப்பியே சாப்பிட்டேன். இரண்டாவது டிகாக்‌ஷன் என்று சந்தேகப்படவே முடியாத காப்பி.

"அம்மா இருக்காங்களா சார்?"

"இல்லையே."

"எப்ப வருவாங்க?"

"அடியேனால எப்படிச் சொல்ல முடியும்? நாங்க பேசி வருஷக் கணக்காச்சு."

அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் உட்கார்ந்திருந்த கூடத்தில் அந்த அம்மாள் இல்லைதான். அடுத்த வாரம் மறுபடி போனேன். மறுபடி இல்லை, மறுபடி காப்பி.

மூன்றாவது முறை போனது வைகுண்ட ஏகாதசி சமயம். ஸ்ரீரங்கத்தில் அந்த நாட்களில் மனிதன் நடப்பதில்லை. கூட்டம் அவனை நடத்திக்கொண்டு போகும். தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டை. வேர்த்து விறுவிறுத்து அந்த வீட்டுப் பச்சைக் கதவின் முன் போய் நின்று, இன்று ஒட்டிவிடுவது என்று முடிவு செய்து பையைத் திறந்தால் பசை டப்பாவைக் காணோம். சௌந்தரராஜன் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போனார். ஒரு வாழையிலைத் துண்டில் கையளவு குழைந்த சாதம் கொண்டுவந்து கொடுத்தார்.

"பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின பிரசாதம். நன்னா ஒட்டும்."

வழக்குப் போட்டவர் வீட்டுச் சோற்றையே பசையாக்கி, அவர் கதவிலேயே, அவர் மனைவிக்கு வந்த சம்மனை ஒட்டினேன். அவர் தூரத்தில் நின்று, "வலது பக்கம் கொஞ்சம் சாயறது" என்று சொன்னார். நேராக்கினேன்.

மறுநாள் பெரியசாமி சாரின் விரல் என் ரிட்டர்னில் நகர்ந்தது. பாதியில் நின்றது.

"அடையாளம் காட்டினது யாரு?"

"மனுதாரரே சார்."

"எதிர்மனுதாரர் அந்த வீட்லதான் இருக்காங்களா?"

"விலாசம் அதுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "ஸ்ரீரங்கத்து வீடு நீளம். முன்வாசல் ஒரு தெருவுல இருக்கும், கொல்லை வாசல் பின்னால சந்துல இருக்கும். அந்தப் பக்கம் பாத்தீங்களா?"

'பாத்தீங்களா.' மரியாதை வந்துவிட்டது. அடுத்தது தண்ணீர்தான். பின்சந்துக்குப் போக மூன்று நிமிஷம் போதும். ஏகாதசிக் கூட்டத்தில் அரைமணி. மறுபடி போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"பாத்தேன் சார்."

"அப்ப எழுதுங்க."

அங்கேயே நின்று, ரிட்டர்னின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: 'வீட்டின் பின்புறமும் சென்று பார்த்தேன், ஆள் இல்லை.' கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மிகச் சிறந்த கையெழுத்து அதுதான். பொய்க்கு மட்டும் எனக்கு முத்து முத்தாக எழுத வரும்.

அந்த அம்மாள் கோர்ட்டுக்கு வரவில்லை. மூன்று வாய்தாவுக்கும் வரவில்லை. ஒரு தரப்பு வராவிட்டால் வந்திருப்பவர் சொல்வதை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். எங்கள் பேச்சில் எக்ஸ்பார்ட்டி. அப்படியே ஆனது. வீடு முழுவதும் கணவருக்கு, மனைவி இரண்டு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு. இதில் எதுவும் எனக்குத் தெரியாது. ஒட்டிவிட்டு வருவதோடு நம் சம்பந்தம் முடிந்தது. நீதிமன்ற அறைக்குள் நாங்கள் போவதில்லை. எங்களுக்குக் கதவுகள்தான் தெரியும், தீர்ப்புகள் தெரியாது.

அடுத்த ஐப்பசியில், அந்த வீட்டைச் சௌந்தரராஜனிடம் ஒப்படைக்கச் சொல்லி வாரண்ட் வந்தது. பெரியசாமி சார் அதை எனக்கே போட்டார். பழைய வீடு, தெரிந்த ஆள், நல்ல காப்பி. உற்சாகமாகத்தான் போனேன். விடிந்ததிலிருந்து மழை. ஸ்கூலுக்கு லீவு விட்டிருந்தார்கள்.

சௌந்தரராஜன் புதுப் பூட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூடத்தைத் தாண்டி அழைத்துப்போனார். நான் முன்பு மூன்று முறை வந்தும் கூடத்தைத் தாண்டியதில்லை. முற்றத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு செங்கல் சுவர். அதில் ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் எங்கள் பக்கம்.

"இதுக்கு அந்தப் பக்கம்தான்" என்றார்.

"அந்தப் பக்கம் என்ன சார்?"

"அவ."

தாழ்ப்பாளை நீக்கினார். கதவைத் தள்ளினேன். அந்தப் பக்கம் பதினைந்து இருபது பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து ஏதோ கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையில் கோப்போடு ஒரு ஆள் உள்ளே நுழைவதைப் பார்த்ததும் அத்தனையும் எழுந்து நின்று, ஒரே குரலில், "நமஸ்தே குருஜி!" என்றன. பரீட்சை வைக்க வந்த அதிகாரி என்று நினைத்துவிட்டன. நானும் பதற்றத்தில் கையெடுத்துக் கும்பிட்டு, "நமஸ்தே" என்று சொல்லித் தொலைத்தேன். ஒரு வீட்டைக் காலி செய்ய வந்த அமீனா எவனும் என்னைப் போல ஆரம்பித்திருக்க மாட்டான்.

சுண்ணக்கட்டியோடு நின்றிருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள்.

"கிளாஸ் நேரத்துல இந்தக் கதவைத் திறக்கப்படாதுன்னு எத்தனை தரம் சொல்றது?"

"கோர்ட்லேர்ந்து வந்திருக்கா" என்றார் சௌந்தரராஜன் சுவரைப் பார்த்து.

"எந்தக் கோர்ட்?" என்று என்னைக் கேட்டாள்.

சொன்னேன். வாரண்டைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாள். பிள்ளைகளுக்கு, "பத்தாம் பக்கம், எழுதுங்கோ" என்றாள். பிறகு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எனக்குச் சம்மனே வரலையே."

"வாசல்ல ஒட்டினோம்மா."

"எந்த வாசல்ல?"

நான் வந்த பச்சைக் கதவின் பக்கம் கையைக் காட்டினேன்.

"வாங்கோ" என்று என்னை மட்டும் கொல்லைப்புறம் அழைத்துப்போனாள். கிணற்றைத் தாண்டி ஒரு மரக்கதவு. திறந்தால் சந்து. கதவின் வெளிப்பக்கம் 'ஹிந்தி டியூஷன் – கோமளவல்லி' என்று என் முழங்கை நீளத்துக்குப் பலகை. அதன் கீழே தபால் பெட்டி. பக்கத்தில் பால் பை மாட்டும் ஆணி. வாசலில் மழையில் பாதி கரைந்த கோலம். வரிசையாகப் பிள்ளைகளின் செருப்புகள்.

"ஆறு வருஷமா இதுதான் என் வாசல். அந்தப் பக்கம் நான் காலடி வைக்கறதில்லை. துறையூர்ல எங்கப்பா எனக்கு எழுதி வெச்ச நிலத்தை வித்துத்தான் இந்த வீட்ல பாதியை வாங்கினோம். பத்திரம் மட்டும் அவர் பேர்ல. இதை விட்டுட்டு நான் எங்க போறது? இந்தக் குழந்தைகளை எங்க உட்கார வைக்கறது?"

நான் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'வீட்டின் பின்புறமும் சென்று பார்த்தேன், ஆள் இல்லை.' முத்து முத்தான கையெழுத்தில்.

குடியிருப்பவர் மறுத்தால் இழுத்து வெளியே விடும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது. போலீஸ் உதவிக்குத் தனி உத்தரவு வேண்டும். ஆட்சேபணை இருக்கிறது என்று எழுதி வாரண்டைத் திருப்பலாம். எழுதினேன். பேனா இரண்டு இடத்தில் தாளைக் கிழித்தது. முன்வாசல் வழியாகத் திரும்பும்போது சௌந்தரராஜன், "காப்பி?" என்றார். வேண்டாம் என்றேன். என் பணிக்காலத்தில் நான் காப்பியை மறுத்த முதல் நாள் அது.

கோமளவல்லி அம்மாள் ஒரு பெண் வக்கீலைப் பிடித்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கோரி மனுப் போட்டாள். இதற்கு முப்பது நாள்தான் கெடு. ஆனால் சம்மனே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்றால், விஷயம் தெரியவந்த நாளிலிருந்து அந்த முப்பதை எண்ணுவார்கள். அவளுக்குத் தெரியவந்தது நான் "நமஸ்தே" சொன்ன நாள். ஆக மொத்தம் மனுவின் இரண்டு காலும் என் மேலேதான் நின்றன. சம்மன் முன்வாசலில் மட்டும்தான் ஒட்டப்பட்டது, பின்வாசலை யாரும் பார்க்கவில்லை என்று நான் சொன்னால் தீர்ப்பு ரத்தாகும். எழுதியதே சரி என்று நான் சாதித்தால் அவள் தெருவுக்கு வர வேண்டும். சாட்சி சொல்ல வரும்படி எனக்குச் சம்மன் வந்தது. என் கையெழுத்திட்டு நானே வாங்கிக்கொண்டேன். அதையாவது ஒழுங்காகச் சார்வு செய்தார்கள், அதாவது உரிய ஆள் கையில் சேர்த்தார்கள்.

அந்த ஒரு மாதம் நான் அடித்த கூத்தைக் காட்டூரில் எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. சத்தியம் செய்து பொய் எழுதினால் எத்தனை வருஷம் என்று தெரிந்த ஒரு குமாஸ்தாவிடம், "என் நண்பர் ஒருத்தருக்காக" என்று கேட்டேன். "ஒங்க நண்பர் எந்த செக்‌ஷன்ல வேலை பாக்கறார், ஒங்க செக்‌ஷனா?" என்றார். அதோடு நிறுத்தினேனா? மத்திய சிறை நம் ஊரிலேயே இருப்பது ஒரு சௌகரியம், மல்லிகா வந்து பார்க்க ஒரே பஸ் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மல்லிகா என் மனைவி. அவளிடம் நிலைமையைச் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"சமயபுரத்தாளுக்கு மொட்டை போடறதா வேண்டிக்கிட்டிருக்கேன் மல்லிகா."

"அது முடி இருக்கறவங்க வேண்டிக்கற வேண்டுதல்ங்க. வேற ஏதாச்சும் பாருங்க."

"விளையாடாத. வேலை போயிடும். பென்ஷன் போயிடும்."

"நீங்க பின்பக்கம் போய்ப் பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல."

"அப்ப இல்லன்னு சொல்லிட்டு வாங்க. அந்தம்மா எங்க போவாங்க?"

என் மனைவிக்குச் சட்டம் தெரியாது. அதனால் அவளுக்கு எல்லாம் சுலபமாக இருந்தது. எனக்கும் சட்டம் தெரியாது, ஆனால் கோர்ட்டில் வேலை.

பெரியசாமி சாரிடமும் போய் நின்றேன். பழைய ரிட்டர்னை எடுத்துவைத்திருந்தார். விரல் அந்தக் கடைசி வரியின் மேல் இருந்தது.

"உட்காருங்க."

நின்றேன்.

"இந்த வரியை நான் கேட்டுத்தான் எழுதினீங்க. நான் கேக்காம இருந்திருந்தா இது இருந்திருக்காது, இல்லீங்களா?"

"தப்பு என்னுது சார்."

"அது தெரியுதுங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா 'அப்ப எழுதுங்க'ன்னு சொன்னேனே, அதுக்குப் பதிலா 'அந்த வாசல் என்ன நிறம்'னு கேட்டிருந்தா அங்கேயே மாட்டியிருப்ப. அன்னிக்கு நான் கேக்கல. கூட்ட நாளு, வீட்டுக்குச் சீக்கிரம் போகணும்னு நெனச்சேன்." பிறகு ரிட்டர்னை மூடி என் பக்கம் தள்ளினார். "போடா. கூண்டுல கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஒன் வழக்கப்படி கதை விடாத."

'போடா' என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி அடுத்த கட்டை அவிழ்த்தார்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் சௌந்தரராஜன் கோர்ட்டு வாசலில் வந்து பார்த்தார். கையில் ஃபிளாஸ்க்.

"பொய் சொல்லுங்கோன்னு நான் கேக்க மாட்டேன். நீங்க கைப்பட எழுதினதை அப்படியே சொன்னாப் போறும். ஒங்களுக்கும் அதுதானே நல்லது?"

உண்மைதான். எனக்கு அதுதான் நல்லது. என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே வாக்கியத்தை நானே எழுதி, நானே கையெழுத்தும் போட்டிருந்தேன். ஃபிளாஸ்கைத் திறந்தார். வாசனை வந்தது. தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

விசாரணை அன்று முதலில் சௌந்தரராஜன்தான் கூண்டில் ஏறினார். ஒட்டிய சம்மனை நீங்கள்தானே கிழித்தீர்கள் என்று அந்த அம்மாளின் வக்கீல் கேட்டார்.

"நான் தொடலை. மாடு தின்னுடுத்து."

நீதிபதி நிமிர்ந்தார். நிதானமான பெண்மணி, மேஜையில் வெந்நீர் டம்ளர். "மாடா?"

"சாதத்தால ஒட்டினது. சாயங்காலம் ஒரு மாடு வந்து நக்கித்து, அப்பறம் தாளையும் சேர்த்து…" என்று கையால் காட்டினார். அதுவும் உண்மையாகத்தான் இருக்கும். ஸ்ரீரங்கத்து மாடுகளைத் தெரிந்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள். சாதம் எங்கிருந்து வந்தது என்று நீதிபதி கேட்டார். அதையும் சொன்னார். அறை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

பிறகு நான். ஏறும்போது முழங்கால் கூண்டில் இடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அது என் நெஞ்சு என்று நினைத்திருப்பார்கள். இருபத்தெட்டுக் கேள்விகளுக்குப் பதில் தயார் செய்து, பீரோக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தேன். அந்த அம்மாளின் வக்கீல் ரிட்டர்னை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"பின்புறமும் சென்று பார்த்தேன்னு எழுதியிருக்கீங்க. அங்க என்ன பாத்தீங்க?"

இருபத்தெட்டில் இது இல்லை. மூன்றாவது வரிசையில் கோமளவல்லி அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெஞ்சும் முகம் இல்லை. விடை தெரியாத பையனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கும் டீச்சர் முகம்.

"நான் அங்க போகலைங்கம்மா."

டைப்பிஸ்ட் அதை அடித்து முடித்தார். சௌந்தரராஜனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "அப்ப சத்தியம் பண்ணிப் பொய் எழுதினீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

கேட்டதுக்கு மட்டும் பதில் என்று பெரியசாமி சார் சொல்லியிருந்தார். அவர் கேட்டுவிட்டாரே. "ஏகாதசிக் கூட்டமுங்க. கால் வலிச்சுது. சுத்திக்கிட்டுப் போக சோம்பேறித்தனம். அவர் வீட்டுக் காப்பி ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு டைப்பிஸ்டைப் பார்த்தார். "காப்பி வரைக்கும் வேண்டாம். சோம்பேறித்தனத்தோட நிறுத்திக்குங்க."

இரு வக்கீல்களும் பேசினார்கள். பிறகு நீதிபதி, சம்மன் சட்டப்படி சார்வு செய்யப்படவில்லை, தீர்ப்பை ரத்து செய்கிறேன், வழக்கு முதலிலிருந்து நடக்கட்டும் என்று சொல்லி, அடுத்த கட்டை எடுத்தார். குரல் உயரவில்லை. பட்டியலில் அன்று அது நாலாவது வழக்கு. ஏழாவதிலும் பதினொன்றிலும் அதே மாதிரி ரத்து மனுக்கள் இருந்தன என்று பிறகு தெரிந்தது. நான் கூண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். போலீஸ் எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்தேன்.

"சார், எறங்குங்க. அடுத்த சாட்சி ஏறணும்" என்றார் பெயர் கூப்பிடும் டவாலி.

வராண்டாவில் கோமளவல்லி அம்மாள் என்னைக் கடந்து போனாள். நின்றாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"ஒங்களால எனக்கு மாசக் கணக்கா தூக்கம் போச்சு" என்றாள். "வாயைத் திறந்து சொன்னேளே, அது போறும்" என்று சொல்லிவிட்டு, பஸ் பிடிக்கப் போனாள்.

மீதி நடந்தது இவ்வளவுதான். எனக்கு ஒரு மெமோ வந்தது. நாலு வரியில் பதில் எழுதினேன். ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். சிறை இல்லை, வேலை போகவில்லை, பென்ஷன் வருகிறது. சமயபுரத்துக்குப் போய் இருக்கிற முடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். வழக்கு மறுபடி நடந்து, எட்டு மாதம் கழித்து இருவரும் சமரசமாகப் போனார்கள். முன்பாதி அவருக்கு, பின்பாதி அவளுக்கு, கிணறு பொது. சமரசப் பத்திரத்தில் அந்த அம்மாள் வற்புறுத்திச் சேர்த்த ஒரு வரி இருந்தது. அது நிறைவேறியதா என்று பார்த்து எழுதிவர என்னைத்தான் அனுப்பினார்கள்.

முதலில் சந்து வழியாகப் போனேன். பிறகு தெரு வழியாகப் போனேன். முன்கதவு பச்சை, இரட்டைக் கதவு. பின்கதவு ஒற்றை, வண்ணம் பூசாதது. முற்றத்துச் சுவரில் இருக்கும் சின்னக் கதவின் தாழ்ப்பாளை, அந்த வரியில் சொன்னபடி கழற்றி, கோமளவல்லி அம்மாளின் பக்கம் பொருத்தியிருந்தார்கள். அதை அவள் போட்டு, திறந்து, மறுபடி போட்டுக் காட்டினாள். இரண்டு பக்கமும் நின்று பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.